கடலோரத்தில் வீடு: சி.ஆர்.இசட். அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீட்டுப் பிளான் வரைந்து, அனுமதி வாங்கிக் கொடுப்பது என் பிழைப்பு. மனை பார்க்கும்போதே போன் செய்பவர்கள் குறைவு. பத்திரம் முடித்து, பூமி பூஜைக்கு நாள் குறித்த பிறகுதான் பலரும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கடற்கரையை மனதில் வைத்து எழுதியது.

சி.ஆர்.இசட். என்பது என்ன? யார் போட்ட சட்டம்?

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை அது. கடற்கரையில் 500 மீட்டருக்குள் கட்டடம் வரவிடாதீர்கள் என்று 1981-ல் இந்திரா காந்தி மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று முதல் அறிவிக்கை வந்தது. அப்புறம் 2011 ஜனவரி 6 அன்று ஒன்று, 2019 ஜனவரி 18 அன்று இன்னொன்று.

இந்த மூன்று தேதிகளில் முதல் தேதியை மட்டும் மறக்காதீர்கள். பழைய வீடு, பழைய சாலை, பழைய கரை என்று நீங்கள் எதைக் காட்டினாலும், "1991-க்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றுதான் எதிரில் இருப்பவர் கேட்பார்.

மத்தியச் சட்டம் என்பதால் ஊராட்சித் தலைவரோ நகராட்சியோ இதைத் தளர்த்த முடியாது. தெரிந்தவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், அந்தத் தெரிந்தவருக்கும் இந்த அதிகாரம் கிடையாது.

என் மனை கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தால் பிரச்சினை இல்லை?

உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை மண்டலத்துக்குள் வரும். கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம். அது ஏறும்போது தண்ணீர் எட்டும் மேல் எல்லைதான் உயர் ஓதக் கோடு. அலுவலகங்களில் எச்.டி.எல். என்பார்கள். 500 மீட்டர் என்றால் சுமார் 1,640 அடி.

இதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடல் ஒரு பக்கம் இருக்கட்டும், கழியும் கணக்கில் உண்டு. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு, முகத்துவாரம், காயல், உப்பங்கழி, கால்வாய் எல்லாவற்றின் கரையிலும் மண்டலம் இருக்கிறது. 2011 அறிவிக்கைப்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019-ல் அந்த 100 மீட்டரை 50 ஆக்கிவிட்டார்கள்.

முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டிருந்தார். கூட வந்த புரோக்கர், "சார், இங்கேருந்து கடல் சத்தமே கேக்காது, சி.ஆர்.இசட். எங்கேருந்து வரும்?" என்றார். அவர் சொன்னது சரிதான், கடல் தூரம். நான் மனையின் பின்பக்கம் போனேன். சீமைக் கருவேலம் புதரைத் தாண்டியதும் செருப்பு புதைந்தது. தரையெல்லாம் நண்டு வளை. கொத்துக் கொத்தாக உமரிச் செடி. எல்லைக் கல்லின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. "ஐயா, இங்கே தண்ணீர் ஏறுமா?" என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரும் தம்பி" என்றார். புரோக்கர் போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் இருக்கிறது. வருடத்திலேயே மிக வறண்ட காலத்தில் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீரில் இது சுமார் 35 கிராம். அதனால் மழைக்காலத்தில் போய் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள்.

உயர் ஓதக் கோட்டை நானே அளந்துகொள்ளலாமா? கூகுள் மேப் போதாதா?

முதல் சந்தேகத்தைத் தீர்க்கக் கூகுள் மேப் உதவும். மனையிலிருந்து கடலுக்கும், பக்கத்துக் கால்வாய்க்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். 700, 800 மீட்டர் வந்து, சுற்றிலும் கழியே இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 450, 550 என்று வந்தால் மேப்பை மூடிவிடுங்கள். அதற்கு மேல் அது உதவாது.

2019 அறிவிக்கைப்படி, சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் குறித்த கோடுதான் எல்லா அனுமதிகளுக்கும் கணக்கு. நீங்கள் கண்ணால் பார்க்கும் அலைக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல்கூட இருக்கலாம். அலை அன்றைக்கு எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் போட்டோவுக்கு மதிப்பில்லை.

கோடு குறித்த வரைபடம் எங்கே கிடைக்கும்? அதில் என் மனை தெரியுமா?

கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் என்ற பெயரில் மாநில அரசு வரைபடங்கள் தயாரித்து, மத்திய அமைச்சகத்தின் ஒப்புதல் வாங்கி வெளியிடுகிறது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இணையதளத்தில் தாள் தாளாக இருக்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் ஒரு குழு உண்டு.

மனை தெரியுமா என்பது அளவைப் பொறுத்தது. 25,000-க்கு 1 என்ற அளவில் உள்ள வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 40-க்கு 60 அடி, அதில் அரை மில்லிமீட்டர் அகலம்தான். பேனா முனை வைத்தால் மனை முழுசாக மறைந்துவிடும். 4,000-க்கு 1 என்ற அளவில் உள்ள தாளில் சர்வே எண் எல்லைகளும் இருக்கும். அதே மனை அங்கே 3 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு போட்டிருந்தால் அந்தக் கோடே தரையில் 2 மீட்டரை விழுங்கிவிடும். கோடு உங்கள் சர்வே எண்ணைத் தொட்டுக்கொண்டு போனால், கோட்டின் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்பதில்தான் உங்கள் படுக்கையறை நிற்கிறது.

அப்படித் தொட்டுக்கொண்டு போகும் மனைக்கு, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றிடம் பணம் கட்டி, தனியாக அளந்து வரைபடம் வாங்குவது நல்லது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் கடல் மேலாண்மை நிறுவனமும் இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. உங்கள் புலப்படத்தை, அதாவது எப்.எம்.பி.யை, அந்த வரைபடத்தின் மேல் பொருத்திக் கொடுப்பார்கள்.

1, 2, 3, 4 என்று பிரிவுகள் சொல்கிறார்களே?

மண்டலத்துக்குள் வந்தாலே வீடு கட்ட முடியாது என்று அர்த்தமில்லை. எந்தப் பிரிவு என்பதுதான் கேள்வி.

பிரிவு 1: அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணல் மேடு, ஆமை முட்டையிடும் கரை, சதுப்பு போன்ற இடங்களும், ஓதம் ஏறி இறங்கும் இடைப்பட்ட கரையும். பிச்சாவரம், முத்துப்பேட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மனை தேடும் இடமல்ல. அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் வேறு விட வேண்டும்.

பிரிவு 4 தண்ணீர். அதை விடுங்கள்.

பிரிவு 2: நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள், ஏற்கெனவே சாலை, குடிநீர், வடிகால் வசதியோடு நன்றாகக் கட்டி நிரம்பிய பகுதி. பிரிவு 3: அப்படி நிரம்பாத பகுதி, பெரும்பாலும் ஊராட்சிகள். வீடு கட்டுகிறவர்களின் வழக்கெல்லாம் இந்த இரண்டில்தான்.

பிரிவு 2-ல் என்ன நிபந்தனை?

ஏற்கெனவே இருக்கும் சாலைக்கு நிலப்பக்கம் கட்டலாம். இல்லையென்றால், ஏற்கெனவே இருக்கும் அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்பக்கம் கட்டலாம். அவ்வளவுதான் அடிப்படை. உங்கள் மனைக்கும் கடலுக்கும் நடுவில் பழைய சாலை ஒன்று ஓடினால் உங்கள் பாடு சுலபம்.

இதிலும் ஒரு தந்திரம் நடந்தது. பழைய சாலைக்குக் கடல் பக்கமாகப் புதுசாக ஒரு சாலை போட்டுவிட்டு, "நாங்கள் சாலைக்கு நிலப்பக்கம்தானே இருக்கிறோம்" என்று மனை விற்றார்கள். அப்படிப்பட்ட புதுச் சாலைக்கு நிலப்பக்கம் அனுமதி கிடையாது என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. மனையின் முன்னால் பளபளவென்று தார்ச்சாலை இருந்தால், அது எந்த வருடத்துச் சாலை என்று கேளுங்கள். பழைய சர்வே படத்தில் வண்டிப்பாதையாகவாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிவு 3-ல் 200 மீட்டர் என்கிறார்கள், சிலர் 50 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, வேறு வேறு இடங்களுக்கு. பிரிவு 3-ல் உயர் ஓதக் கோட்டை ஒட்டி, கட்டடமே கூடாத பட்டை ஒன்று உண்டு. 2011-ல் அது எல்லா இடத்துக்கும் 200 மீட்டர். 2019 அறிவிக்கை பிரிவு 3-ஐ இரண்டாக உடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் 3-ஏ, அங்கே 50 மீட்டர். குறைவாக இருந்தால் 3-பி, அங்கே பழையபடி 200. உதாரணமாக 4 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10,000 பேர் இருக்கும் ஊரில் அடர்த்தி 2,500, ஆகவே 3-ஏ. அதே பரப்பில் 8,000 பேர் என்றால் அடர்த்தி 2,000, அது 3-பி.

புரோக்கர்கள் இந்த 50-ஐ மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சலுகைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. 2019 அறிவிக்கைப்படி புது வரைபடம் தயாரித்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதுவரை 2011 வரைபடமும் 2011 விதிகளும்தான் செல்லும். தமிழ்நாட்டில் புது வரைவு வரைபடம் வந்தபோது, மீனவ ஊர்களும் வலை காயவைக்கும் இடங்களும் விடுபட்டிருக்கின்றன என்று 2023-ல் மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. வரைபடத்தில் இல்லாத ஊருக்கு நாளைக்கு வீட்டு அனுமதி எப்படிக் கிடைக்கும்?

அதனால் விண்ணப்பம் கொடுக்கும் நாளில், உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

200 மீட்டரைத் தாண்டிவிட்டேன், 500-க்குள் இருக்கிறேன். வெளியூர்க்காரன். வீடு கட்டலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். அறிவிக்கையின் வாசகத்தைச் சொல்லிவிடுகிறேன்: மீனவ ஊர்கள் போன்ற மரபுரிமை, வழக்கமான பயன்பாடு ஆகியவற்றின் வரம்புக்குள் குடியிருப்பு வீடு கட்டலாம், திருப்பிக் கட்டலாம். உயரம் 9 மீட்டருக்கு மேல் கூடாது. தரைத்தளமும் முதல் தளமும் மட்டும்.

ஏற்கெனவே குடியிருப்பாக இருக்கும் ஊருக்குள், நத்தத்தில், வீடுகளுக்கு நடுவே மனை என்றால் வாதாட இடம் இருக்கிறது. சவுக்குத் தோப்பை வெட்டி, புதுசாகக் கல் நட்டு, ஊரிலிருந்து தள்ளிப் போட்ட மனைப்பிரிவு என்றால், மரபுரிமை என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? நான் அந்த மாதிரி மனைக்குப் பிளான் போட ஒத்துக்கொள்வதில்லை. போட்டுக் கொடுக்க வேறு ஆள் கிடைப்பார்கள் என்பதும் உண்மைதான்.

9 மீட்டர் என்பது சுமார் இருபத்தொன்பதரை அடி. இரண்டு தளத்துக்குத் தாராளம். ஆனால் மொட்டை மாடியில் ஹெட்ரூம், அதன் மேல் தண்ணீர்த் தொட்டி என்று அடுக்கும்போது கணக்குப் பாருங்கள்.

நாங்கள் மீனவக் குடும்பம். எங்களுக்கும் இதே விதியா?

இல்லை. உங்களுக்குத் தனி இடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். 2011 அறிவிக்கையில் 100 முதல் 200 மீட்டருக்குள், மாநில அரசு தயாரித்த திட்டத்தின்படி, மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் வீடு கட்ட வழி உண்டு. 1991 விதிப்படி அனுமதிக்கத்தக்கதாக இருந்தும் முறையான தாள் வாங்காமல் கட்டிய வீடுகளை முறைப்படுத்தவும் பரிசீலிக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வீட்டில் வணிகம் நடத்தக் கூடாது, பாரம்பரியக் கடலோர மக்கள் அல்லாதவருக்கு விற்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனையை வாங்குகிறவர்களும் படித்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்த மாதிரி, குப்பத்துக்குள், சல்லிசாக வீடு கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் காரணம் அதுவாக இருக்கலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு 200 மீட்டருக்கு அப்பால் அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்புகளுக்குப் போனவர்கள், கரையில் இருந்த பழைய மனையின் நிலை என்ன என்பதை வருவாய்த் துறைப் பதிவில் பார்த்துக்கொண்டு பேசுவது நல்லது.

சின்ன வீட்டுக்கு ஆணையம் வரை போக வேண்டாம் என்கிறார்களே?

2019 அறிவிக்கையில் அப்படி ஒரு வசதி உண்டு. சொந்தக் குடியிருப்புக்காக, மொத்தக் கட்டடப் பரப்பு 300 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 3,230 சதுர அடி வரை, கட்டும் வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. இரண்டு தளங்களையும் சேர்த்துத்தான் 300.

அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை. அனுமதி தருவதற்கு முன் உள்ளாட்சி அமைப்பு சி.ஆர்.இசட். விதிகளின்படி பரிசீலிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. விதி தளரவில்லை, பார்க்கும் ஆள்தான் மாறியிருக்கிறார். அந்த ஆளிடம் வரைபடமே இல்லாமல் போகலாம். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம், கோப்பில் நீங்களே வரைபட நகலை வையுங்கள், எத்தனை மீட்டர், எந்தப் பிரிவு என்று அனுமதி ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள் என்பேன். ஒரு வரி எழுதச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 2011 வரைபடம் நடைமுறையில் இருக்கும் இடத்தில், மாவட்டக் குழு வழியாகப் போகும் பழைய பாதைதான்.

என்னென்ன தாள் கேட்பார்கள்?

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எப்.எம்.பி. படம், கட்டடப் பிளான் ஆகியவை எப்படியும் வேண்டும். ஆணையம் வரை போகும் விண்ணப்பம் என்றால் அறிவிக்கையில் பட்டியலே இருக்கிறது: குறித்த படிவம், உயர் ஓதக் கோடும் தாழ் ஓதக் கோடும் குறித்த 4,000-க்கு 1 அளவு வரைபடம், அதன் மேல் உங்கள் கட்டடத்தைப் பொருத்திய படம், சுற்றிலும் 7 கிலோமீட்டர் தூரம் வரை காட்டும் வரைபடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தடையின்மைச் சான்று. ஒரு வீட்டுக்கு இத்தனையா என்று மலைக்காதீர்கள். திட்டத்தின் அளவைப் பொறுத்து இதில் எது தேவை என்பதை மாவட்டக் குழுவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

எத்தனை நாள் ஆகும்?

முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் ஆணையம் தன் பரிந்துரையைத் தர வேண்டும் என்பது விதி. "முழுமையான" என்ற சொல்லில்தான் மாதங்கள் கரைகின்றன. பட்டாவில் தாத்தா பெயர், எப்.எம்.பி.யில் உட்பிரிவு ஏறவில்லை, பிளானில் ஒரு சர்வே எண், பத்திரத்தில் இன்னொன்று: இதில் ஏதாவது ஒன்றால் கோப்பு திரும்பும். திரும்பினால் நாள் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம்.

டி.டி.சி.பி. அப்ரூவ்டு மனைதான். பேங்க் லோன்கூடக் கொடுத்துவிட்டது. போதாதா?

போதாது. டி.டி.சி.பி., அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், தரும் மனைப்பிரிவு அனுமதி வேறு, சி.ஆர்.இசட். அனுமதி வேறு. வங்கி வக்கீல் பார்ப்பது பெரும்பாலும் பத்திரத்தின் சங்கிலியைத்தான், கடலிலிருந்து தூரத்தை அல்ல.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி தரும் மாநிலத் திட்டம் அது. நல்ல திட்டம். ஆனால் அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள். மனை மண்டலத்துக்குள் இருந்தால், தவறான உறுதிமொழி தந்த பொறுப்பும் உங்களுடையது.

போர் போடலாமா?

பிரிவு 3-ல் 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை. உள்ளூர் மக்கள் குடியிருக்கும் இடத்தில், அவர்கள் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு. 200 முதல் 500 வரை, வேறு தண்ணீர் வழியே இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளலாம்: குடிக்க, தோட்டத்துக்கு, விவசாயத்துக்கு, மீன்வளத்துக்கு. மோட்டார் மாட்டி ஓடவிட அனுமதி இல்லை. இது சும்மா போட்ட விதி அல்ல. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் நிற்கிறது. ஓங்கி உறிஞ்சினால் கீழே இருப்பது மேலே வரும். உங்கள் குழாயில் மட்டுமல்ல, தெரு முழுக்க.

செப்டிக் டேங்க் கழிவைக் கழியில் விடுவது, கட்டட இடிபாட்டைக் கரையில் கொட்டுவது, கடல் தெரியட்டும் என்று மணல் மேட்டைச் சமன் செய்வது எல்லாம் தடை. கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்கள்தான் அதிகம். ஜே.சி.பி. ஒரு மணி நேரத்தில் தள்ளிவிடும் மேடு, புயல் நாளில் அந்த வீட்டுக்கே அரணாக நின்றிருக்கும்.

பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டலாமா?

அனுமதி பெற்ற வீடாக இருந்தால் முடியும். கட்டடம் கூடாத பட்டைக்குள் என்றால், ஏற்கெனவே இருந்த அடித்தளப் பரப்பையும் எப்.எஸ்.ஐ.யையும், அதாவது மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு என்ற விகிதத்தையும், தாண்டக் கூடாது. ஓட்டு வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்ப முடியாது. இடிப்பதற்கு முன் பழைய வீட்டை நான்கு பக்கமும் அளந்து, படம் எடுத்து, பழைய வரி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். இடித்த பிறகு இங்கே ஒரு வீடு இருந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

மீறிக் கட்டினால் என்ன ஆகும்? அபராதம் கட்டிவிட்டால் போயிற்றா?

2024 ஏப்ரல் 1 முதல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு 15 லட்சத்தையும் எஸ்டிமேட்டில் சேர்த்துவிடலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அபராதம் கட்டினால் கட்டடம் சட்டப்படி ஆகிவிடாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்க உத்தரவிடும் அதிகாரம் அதே சட்டத்தில் அப்படியே இருக்கிறது. இடிக்கவும் சொல்லலாம்.

கொச்சியில் மரடு நடந்தது நினைவிருக்கும். நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2006-ல் ஊராட்சி அனுமதி கொடுத்திருந்தது, ஆனால் கடலோர ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. அந்தக் காலத்து ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்த இடம் பிரிவு 3. பிற்பாடு வந்த வரைபடத்தில் மரடு பிரிவு 2 ஆகிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. 2019 மே 8 அன்று இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னார்கள்.

அது பெரிய பில்டர் விவகாரம், தனி வீட்டைத் தொடமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் அனுமதியில்லாமல் கட்டிய ஒரு தனி வீட்டை இடிக்கும் உத்தரவை 2004-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

பக்கத்து மனையில் விதியை மீறிக் கட்டுகிறார்கள். யாரிடம் சொல்வது?

முதலில் மாவட்ட ஆட்சியருக்கும் மாநில ஆணையத்துக்கும் எழுத்தில் புகார், தேதி தெரியும் போட்டோக்களோடு. நடவடிக்கை இல்லை என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் பீஸ் தனி. போவதற்கு முன் உங்கள் வீட்டுத் தாள்களையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான்.

மாமல்லபுரத்தில் மனை. சி.ஆர்.இசட். மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தொல்லியல் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். ஊருக்குள் சின்னங்கள் சிதறிக் கிடப்பதால் கடற்கரைக் கோயிலிலிருந்து மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

கடல் உள்ளே வந்துகொண்டே இருந்தால்? இன்றைக்கு வாங்கிய அனுமதி நாளைக்குச் செல்லுமா?

வாங்கிய அனுமதியைக் கடல் ரத்து செய்யாது. ஆனால் வீட்டை அது ரத்து செய்துவிடும். நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. நடுவில் துறைமுகமோ கல்வரிசையோ நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகம் வந்த பிறகு நகரத்து மணற்கரை காணாமல் போன கதை இதுதான். மனை பார்க்கும்போது தெற்குப் பக்கம் சில கிலோமீட்டருக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் வயதான மீனவர் ஒருவரைப் பிடித்து, அவர் சின்னப் பையனாக இருந்தபோது கட்டுமரம் எங்கே இழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் அவர் கை தண்ணீருக்குள் நீளும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கிரய ஒப்பந்தம் இன்னும் போடவில்லை என்றால், "வீடு கட்ட சி.ஆர்.இசட். தடை இருப்பது தெரியவந்தால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் ஒத்துக்கொண்டால் வரைபடம் வாங்கும் வேலையை மறுநாளே தொடங்கலாம். ஒத்துக்கொள்ள மறுத்தால், அவர் ஏற்கெனவே வரைபடத்தைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காட்டு ஆசிரியர் அந்த வரியைக் கேட்டுப் பார்த்தார். மூன்று வாரத்தில் பணம் திரும்பி வந்தது, புரோக்கர் கமிஷன் தவிர.